பிஎம் கிசான்: 'நில விவரம்' மட்டும் 'இல்லை' என்று வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. தருமபுரி மாவட்டத்தில் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ள பெரியவர் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகைத் திட்டமான பிஎம் கிசானில் ஆண்டுக்கு 6,000, தவணைக்கு 2,000 ரூபாய். விதை, உரச் செலவுக்கு அவர் நம்பியிருப்பது அதைத்தான்.

திட்டத்தில் அவருடைய பதிவின் நிலையைப் பார்த்தால் இகேஒய்சி (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) 'ஆம்', ஆதார்-வங்கி இணைப்பு 'ஆம்', நில விவரம் மட்டும் 'இல்லை'. அதனால் வங்கிக்கு அலைந்து பயனில்லை, சிக்கல் பட்டாவில்தான். சிட்டாவில் (நில உரிமைப் பதிவில்) இன்னும் இறந்துபோன அப்பா பெயர். போதாததற்கு, அப்பாவின் பெயர் சிட்டாவில் 'மா' என்று தொடங்குகிறது, இவர் ஆதாரில் முன்னெழுத்தோ 'மு'.

01.02.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இத்திட்டம் கிடையாது. வாரிசு வழி வந்ததற்கு அந்தத் தடை இல்லை. ஆகவே தகுதி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் கையில் உள்ளன. வாரிசுகள் நான்கு பேர்.

கேள்வி இதுதான்: நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றினால் வேளாண் அலுவலகத்தில் நில விவரம் ஏற்றுவார்களா, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கியே ஆக வேண்டுமா? உட்பிரிவென்றால் சர்வேயர் அளக்கும்வரை காத்திருக்க வேண்டும். அண்மையில் இதை முடித்தவர்கள், எந்தத் தாளை எங்கே கொடுத்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள்.