கொட்டகையில் கிடந்த தேக்குத் தடி

பெரியப்பா, காலை 7.10
எல்லோருக்கும் காலை வணக்கம். ஒக்கிப் புயலில் சாய்ந்து இத்தனை நாள் கொட்டகையில் கிடந்த தேக்குத் தடியை நேற்று மருமகனின் மில்லில் அறுத்தோம். பட்டையை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று ஆண்டு வளையங்கள் நூல் போல நெருங்கிக் கிடக்கின்றன. தரைமட்ட ஓசோனால் மரம் சிறுக்கும் என்று வாசித்தேன். அதுதான் காரணமா, அனிதா?

அனிதா, 7.32
வளையத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது, பெரியப்பா. மரம் சாய்ந்தது 2017 நவம்பர் இறுதியில். 2016இல் தமிழகத்தில் மழை பொய்த்ததே அந்த வளையங்களை ஒடுக்கியிருக்கலாம். ஓசோனின் தடயம் முதலில் இலையில்தான் தெரியும்: மேற்புறத்தில் நரம்புகளை விட்டுவிட்டு இடைவெளிகளில் பொடிப்புள்ளிகள் விழும், இலை பருவத்துக்கு முன்பே பழுத்து உதிரும்.

மரக்கடை அத்தான், 7.40
வானத்தில் நின்று நம்மைக் காப்பது ஓசோன் என்றுதானே பள்ளியில் படித்தோம்? நம் குலசேகரத்தில் அத்தனை புகையும் இல்லையே.

அனிதா, 7.58
வாயு ஒன்றுதான் அத்தான், நிற்கும் இடம்தான் வேறு. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து தரையருகே இது உருவாகிறது. நெரிசலான சாலையில் புதுப்புகையின் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனைத் தின்றுவிடுவதால், அந்தக் காற்று போய்ச் சேரும் ஊர்ப்புறத்திலும் மலைச்சரிவிலும் அது கூடுதலாக இருப்பதுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில் 1950களில் பைன் மரங்கள் மஞ்சளித்தன. காரணம் ஓசோன் என்பது 1960களில்தான் உறுதியானது.

மரக்கடை அத்தான், 8.05
எனக்கு வேண்டியது தடியின் சங்கதி.

அனிதா, 8.21
இலைத்துளை வழியே நுழையும் ஓசோன் இலையின் உணவு தயாரிப்பைக் கெடுக்கிறது. கிடைக்கும் கொஞ்சச் சர்க்கரையிலும் ஒரு பங்கு பழுதைச் சரிசெய்யவே போய்விடுவதால், தண்டுக்கும் வேருக்கும் இறங்குவது குறைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரைன்லாண்டர் அருகே 1998 முதல் பத்தாண்டுக்கு மேல் திறந்தவெளியில் மரங்களுக்கு ஓசோன் செலுத்திப் பார்த்தார்கள். ஆஸ்பென் மரங்கள் சிறுத்தன, ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் மரபுவழிக்கு மரபுவழி பாதிப்பு மாறியது. ஆகவே பலகையின் தரம் மட்டமாகும் என்று பயப்படுவதைவிட, அதே சுற்றளவுக்கு மரம் கூடுதல் ஆண்டுகள் நிற்க வேண்டிவரும் என்று கொள்ளுங்கள்.

பெரியப்பா, 8.30
கோடையில் நம் தேக்கு மொட்டையாகத்தானே நிற்கிறது?

அனிதா, 8.36
அதனால்தான் அது ஓரளவு தப்புகிறது. இந்தக் கடற்கரைப் பக்கத்தில் ஓசோன் மிகுவது மழையில்லாத மாதங்களில். அப்போது இலையோடு நிற்கும் மரமும் வறண்டால் துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் கிடைக்கும் மரமே துளைகளைத் திறந்து வைத்து ஓசோனையும் உறிஞ்சும்.

மரக்கடை அத்தான், 8.41
மாமா, அப்படியானால் கிணற்றடித் தேக்கின் இலையை முதலில் படமெடுத்து அனுப்புங்கள்.

அனிதா, 8.43
இரண்டு பக்கத்தையும் எடுங்கள், பெரியப்பா. அடிப்புறத்தில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் அது துருநோய், ஓசோன் அல்ல.