பிரைவேட் லிமிடெட் டைரக்டருக்கு பர்சனல் லோன்: எங்க இடிக்குது?

பேனல்_கோவை:
வணக்கமுங்க. கணபதியில சின்னதா பிரைவேட் லிமிடெட் வெச்சு, மில்லுகளுக்கு பேனல் வயரிங், பிஎல்சி (மெஷினை ஓட்டற கண்ட்ரோலர்) வேலை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யறேன். டைரக்டர் நானும் வீட்டுக்காரம்மாவும், பங்கு 90:10. போன வருசம் பில்லிங் 46 லட்சம், என் சம்பளம் போக லாபம் 14 லட்சம். சம்பளம் மாசம் 30,000ன்னு கணக்குல இருக்கு. ஆனா ஒரே தேதியில எடுக்கறதில்லீங்க, வேணுங்கறப்ப கம்பெனி கணக்குல இருந்து மாத்திக்குவேன். வீட்டு மராமத்துக்கு 8 லட்சம் பர்சனல் லோன் கேட்டேன். ஒரு பேங்க்குல வருமானம் பத்தாதுன்னாங்க, இன்னொரு இடத்துல நீங்க சம்பளக்காரரே இல்லைன்னுட்டாங்க. சிபில் ஸ்கோர் 761, வேற இஎம்ஐ இல்ல. கம்பெனி கணக்குல 9 லட்சம் சும்மா கிடக்குது. என்ன பண்றதுங்க?

ஃபைல்_ஈரோடு:
ரெண்டு பேரு சொன்னதும் சரிதானுங்க. கம்பெனி வேற ஆளு, நீங்க வேற ஆளு. 46 லட்சமும் 14 லட்சமும் கம்பெனியோடது. பர்சனல் லோன் ஃபைல்ல தெரியறது உங்க 30,000 மட்டும். அதுல பாதி வரைக்கும்தான் பொதுவா இஎம்ஐக்கு ஒத்துக்குவாங்க, அதாவது 15,000. 8 லட்சம், 5 வருசம், 14% வட்டின்னா இஎம்ஐ 18,615 வருது. அங்கயே நின்னுபோச்சு.

ரெண்டாவது இடத்துல விசயம் வேற. கம்பெனியில பெரும்பங்கு வெச்சிருக்கற டைரக்டரை பல பேங்க்குல சுயதொழில் கணக்குலதான் சேர்ப்பாங்க, நீங்க ஃபார்ம்ல "சம்பளம்"னு டிக் பண்ணியிருந்தாலும். அந்த வழியில போறதுன்னா உங்க ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) ரெண்டு வருசத்துக்கு, கம்பெனியோட ஐடிஆர்-6 (கம்பெனிக்கான ரிட்டர்ன்), ஆடிட் ஆன லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்), ரெண்டு கணக்குக்கும் 12 மாச ஸ்டேட்மெண்ட், பங்குதாரர் பட்டியல் எல்லாம் ஒரே கட்டா குடுக்கணும். பாதி சம்பளக்காரர் காகிதம், பாதி சுயதொழில் காகிதம்னு கலந்து குடுத்தா ரெண்டு பக்கமும் ஒட்டாது.

உங்க சொந்த ஐடிஆர் எந்த ஃபார்ம்ல போட்டிருக்காங்கன்னும் பாருங்க. டைரக்டரா இருக்கறவர் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ரெண்டும் போடக் கூடாது. சம்பளம் மட்டும்னா ஐடிஆர்-2.

கணக்கு_திருப்பூர்:
லோனை விடுங்க, "வேணுங்கறப்ப மாத்திக்குவேன்"ங்கறதுதான் பெரிய சிக்கல். சம்பளத்துக்கு மேல எடுத்தது, அதுக்கு ஈடா கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய பணம் எதுவும் இல்லைன்னா, கம்பெனி டைரக்டருக்குக் குடுத்த கடன் ஆயிரும். கம்பெனி சட்டம் 2013, பிரிவு 185 அதுக்குக் கட்டுப்பாடு வெச்சிருக்கு, பிரைவேட் கம்பெனிக்கு சில நிபந்தனையோடதான் விலக்கு. வருமான வரியிலயும் 10% அல்லது அதுக்கு மேல ஓட்டுரிமை உள்ள பங்குதாரர் அப்படி எடுத்தா, கம்பெனியில சேர்ந்திருக்கற லாப அளவுக்கு அதை டிவிடெண்டாவே பாவிச்சு உங்க தலையில வரி போடுவாங்க. வீட்டுக்காரம்மா பங்கும் சரியா 10%, அவங்க கணக்குக்கு மாத்தினாலும் இதே கதைதான்.

30,000 சம்பளம்னு வெச்சதுல வரி மிச்சமும் இல்லீங்க. 2025-26ல இருந்து புது வரி முறையில சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி கிடையாது. மாசம் 1 லட்சம் சம்பளம் வெச்சா உங்களுக்கு வேற வருமானம் இல்லாத வரைக்கும் வரி சுழி. கம்பெனிக்கு 8.4 லட்சம் கூடுதல் செலவு. சலுகைகளை விட்டுட்டு 22% வரி வழியைத் தேர்ந்த கம்பெனின்னா சர்சார்ஜ், செஸ்ங்கற கூடுதல் வரிகளும் சேர்த்து 25.168%, அந்தக் கணக்குல சுமார் 2.11 லட்சம் வரி குறையும். டிவிடெண்டா எடுத்தா அந்த வரியைக் கட்டின மிச்சத்துலதான் வரும்.

போர்டு தீர்மானம் போட்டு, மாசம் ஒரே தேதியில, "சேலரி"ன்னு குறிப்போட உங்க கணக்குக்கு அனுப்பணும். இதை "புரொஃபஷனல் ஃபீஸ்"னு காட்டாதீங்க. ஃபீஸா காட்டினா 10% டிடிஎஸ் (குடுக்கறப்பவே பிடிக்கற வரி), அதுபோக ரிவர்ஸ் சார்ஜ்ங்கற முறையில ஃபீஸ் வாங்கற உங்களுக்குப் பதிலா கம்பெனியே 18% ஜிஎஸ்டியும் கட்டணும். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. வரி பிடிக்கலைன்னா சம்பளத்துல வரி பிடிச்சதுக்கான சான்றிதழ் கட்டாயம் இல்லைங்கறதால, சம்பளச் சீட்டு, பேங்க் வரவு, ஐடிஆர் மூணும் ரூபாய் மாறாம ஒத்துப் போகோணும்.

நொய்யல்_கரை:
வீட்டுக்காரம்மாவுக்கும் 40,000 சம்பளம் போட்டு ரெண்டு பேரும் சேர்ந்து அப்ளை பண்ணலாமேங்க?

கணக்கு_திருப்பூர்:
போடலாமுங்க, அவங்க நெசமா வேலை பார்க்கோணும். கம்பெனியில இவருக்கு 20%க்கு மேல ஓட்டுரிமை இருக்கறதால, தொழில்நுட்பப் படிப்போ அனுபவமோ இல்லாம வாங்கற சம்பளம் இவர் வருமானத்தோட சேரும். 12 லட்சத்தோட அதுவும் சேர்ந்தா வரி இல்லாத எல்லை தாண்டிரும்.

ஃபைல்_ஈரோடு:
ஒண்ணு சொல்லீர்றேன். சம்பளத்தை இந்த மாசம் ஏத்திட்டு அடுத்த மாசம் லோனுக்குப் போகாதீங்க. சொந்தக் கம்பெனி, சொந்தக் கையெழுத்துங்கறதால சந்தேகப்படுவாங்க. ஆறு மாசமாவது ஓடட்டும், ஒரு ஐடிஆர்ல அந்தத் தொகை வந்துட்டா இன்னும் நல்லது. அதுவரைக்கும் காந்திபுரத்துல யாராவது ஏஜென்ட்டுகிட்ட பான் நம்பரைக் குடுத்துறாதீங்க. ஒரே நாள்ல அஞ்சு இடத்துக்கு அனுப்புவாங்க, அஞ்சும் சிபில்ல விசாரணையா ஏறும்.

பேனல்_கோவை:
ஆறு மாசம் தாங்காதுங்க, ஐப்பசி மழைக்குள்ள மொட்டை மாடி ஒழுகறதை அடைக்கோணும்.

கணக்கு_திருப்பூர்:
அப்ப இதைப் பாருங்க. கம்பெனி ஆரம்பிக்கறப்ப உங்க கைக்காசு போட்டீங்களா? போட்டிருந்தா பேலன்ஸ் ஷீட்ல "டைரக்டரிடம் பெற்ற கடன்"னு ஒரு பதிவு இருக்கும். கம்பெனி அதைத் திருப்பித் தர்றது வருமானமே இல்ல, வரியும் இல்ல. மார்ச் 31 தொகையை நம்பாதீங்க. அதுக்கப்புறம் நீங்க எடுத்ததெல்லாம் அதுல கழிஞ்சிருக்கும். இன்னைக்குத் தேதிக்கு லெட்ஜர் இருப்பை எடுக்கச் சொல்லுங்க.

பேனல்_கோவை:
ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டேனுங்க. மார்ச்ல 6.9 லட்சம், இன்னைக்கு 5.2 லட்சம். ஆனா கம்பெனிக்கு 5 லட்சம் ஓடி லிமிட் (ஓவர்டிராஃப்ட், கணக்குல இருக்கறதுக்கு மேல எடுத்துக்கற வசதி) ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் தொட்டதில்ல.

ஃபைல்_ஈரோடு:
அந்த ஓடி சாங்ஷன் லெட்டரை எடுத்து நிபந்தனைப் பக்கத்தைப் படிங்க. "டைரக்டர்கள் போட்ட கடனை பேங்க் அனுமதி இல்லாம திருப்பி எடுக்கக் கூடாது"ன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தா கிளைக்குக் கடிதம் குடுத்து எழுத்துல அனுமதி வாங்குங்க, இல்ல தொடாத லிமிட்டுங்கறதால மூடிக்கலாம். அந்த ஓடிக்கு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா உங்க சிபில் ரிப்போர்ட்லயும் ஜாமீன்தாரர்னு தெரியும். லோன் ஃபார்ம்ல அதை மறைக்க வேண்டாம்.

கணக்கு_திருப்பூர்:
திருப்பி எடுக்கறதும் பேங்க் வழியாத்தான். 20,000 அல்லது அதுக்கு மேலன்னா ரொக்கம் ஆகாது. 9 லட்சத்துல 5.2 போனா 3.8 மிச்சம், அந்த மாச ஜிஎஸ்டியும் கூலியும் அதுக்குள்ள அடங்குதான்னு பாருங்க.

ஃபைல்_ஈரோடு:
மிச்சம் தேவை 2.8 லட்சம். அதே 5 வருசம், 14%ன்னா இஎம்ஐ 6,515. உங்க இப்பத்த 30,000க்கே அடங்கிரும். சுயதொழில் ஃபைலாவே போங்க, ஒரே ஒரு பேங்க், முடிஞ்சா கம்பெனி கணக்கு இருக்கற கிளை. வீடும் ஆபீசும் ஒரே விலாசம்னா வெளிய கம்பெனி பேரு, ஜிஎஸ்டி நம்பர் போட்ட போர்டு தொங்கோணும். சட்டப்படியும் வேணும், சரிபார்க்க வர்ற ஆளு முதல்ல தேடறதும் அதைத்தான்.

"9% வட்டிதான்"னு யாராவது சொன்னா ஃபிளாட்டான்னு (முதல்ல வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் வட்டி போடறது) கேளுங்க. 5 வருசத்துக்கு 9% ஃபிளாட்ங்கறது குறையற இருப்புல கிட்டத்தட்ட 15.7%. 2024 அக்டோபர் 1ல இருந்து பேங்க் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் (லோன் விவரச் சுருக்கம்) குடுத்தாகணும். அதுல ஏபிஆர் (கட்டணமெல்லாம் சேர்த்த வருச வட்டி) எவ்வளவுன்னு பார்த்து ஒப்பிடுங்க, ப்ராசசிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அதுல தெரிஞ்சுரும்.

நொய்யல்_கரை:
கம்பெனி பேர்ல பிசினஸ் லோன் வாங்கி மாடியைப் பூசிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேட்காதீங்க. வாங்கின காரணம் வேற, செலவு வேறன்னு பேங்க்கும் பிடிக்கும், அந்தப் பணம் உங்க வீட்டுக்கு வந்தா முன்னாடி சொன்ன டிவிடெண்ட் வரியும் வரும். 2.8 லட்சம்தானுங்களே, வீட்டுல நகை இருந்தா அதுவே பர்சனல் லோனை விட வட்டி கம்மி, ஐடிஆர் கேக்கறதும் குறைச்சல்.

பேனல்_கோவை:
நகை தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருக்கறதுங்க, அதைத் தொடலை. ஓடி லெட்டர்ல அந்த நிபந்தனை இருக்குது, திங்கக்கிழமை கிளைக்குக் கடிதம் குடுத்தர்றேன். லோனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டுங்களா?

ஃபைல்_ஈரோடு:
பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால ஃபோர்குளோசர் (முன்கூட்டியே அடைக்கற) கட்டணம் இருக்கும். எத்தனை மாசத்துக்கு அப்புறம், எத்தனை சதவீதம், பகுதி பகுதியா கட்டலாமான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. மில் பில் பாஸ் ஆகி மொத்தமா வர்ற உங்களை மாதிரி ஆளுக்கு, அரை சதவீதம் வட்டி கூட இருந்தாலும் பகுதி பகுதியா அடைக்கறதுக்குக் கட்டணம் இல்லாத லோன்தான் நல்லதுங்க.