பூட் ஆகப் பத்து நிமிடம்: விண்டோஸிலேயே இருக்கும் டூல்களை வைத்துச் சரிசெய்ய முடியுமா?

முல்லைப்பந்தல்:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் 2016-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அம்மா தையல் ஆர்டர் கணக்கை எக்செலில் இதில்தான் வைத்திருக்கிறார், குடும்பப் போட்டோக்களும் முழுக்க இதில்தான். இப்போது ஸ்விட்சைப் போட்டு எக்செல் திறப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. அம்மா ஆன் செய்துவிட்டுப் போய் சமையல் வேலையைப் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்துக் கடையில் ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்றார்கள், போட்டோவெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டால் நேரான பதில் வரவில்லை. முன்பு ஒரு கிளீனர் மென்பொருளை இறக்கிப்போட்டு, வேகம் கூடாமல் விளம்பரம்தான் கூடியது. அதனால் வெளியிலிருந்து எதையும் இறக்காமல் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
முதலில் எதையும் அழிக்காதீர்கள், எது இழுத்துப்பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பூட் ஆனதும் அதை மட்டும் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் வேறு எதையும் தொடாமல் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளையும் கவனியுங்கள். உங்கள் மெஷினில் சிபியு சும்மா இருக்கும், டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஸ்டார்ட்அப் டேப், பூட் ஆகும்போது தானாகவே திறக்கும் செயலிகளின் பட்டியல் அது. அங்கே ஒவ்வொன்றும் பூட்டை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று ஹை, மீடியம், லோ எனப் போட்டிருக்கும். பிரிண்டரோடு வந்த அப்டேட் தேடும் செயலி, வீடியோ கால் செயலி மாதிரியானவற்றை டிசேபிள் செய்யுங்கள். அவை அழிந்துவிடாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸையும் சவுண்ட் டிரைவரையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியுவை அழுத்தினால் கீழே அப்டைம் என்று ஒரு எண் தெரியும். தினமும் ஷட்டௌன் செய்தும் அது பல நாள் காட்டினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முறையில் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

தாழம்பூ:
சி டிரைவில் எவ்வளவு இடம் காலி? அது சொல்லாமல் பதில் முழுமையாகாது. குறைவாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் டிஸ்க் கிளீனப் என்று தேடித் திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். பழைய அப்டேட் கோப்புகள் அதில்தான் வரும், பெரும்பாலும் இடத்தை அடைத்திருப்பவை அவைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: சில விண்டோஸ் 10 பதிப்புகளில் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு ஓகே கொடுத்தால் அம்மா இறக்கிவைத்த டிசைன் படங்களும் போய்விடும், எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு முழு ஃபோல்டரை இழந்தோம்.

ஹார்ட் டிஸ்க் என்பதால் டிஃப்ராக், அதாவது சிதறிக்கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது, உதவும். சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி-க்கு அந்த வேலை வேறு, அங்கே விண்டோஸ் முக்கியமாக டிரிம், அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிஸ்குக்குச் சொல்வது, செய்துகொள்ளும். ஆனால் இடத்தைக் காலி செய்த பிறகு டிஃப்ராக் போடுங்கள், முன்னால் வேண்டாம்.

முல்லைப்பந்தல்:
இரண்டு பேருக்கும் நன்றி. செய்து பார்த்தேன். அப்டைம் 23 நாள் காட்டியது! ஸ்டார்ட்அப்பில் 14 இருந்தன, 9-ஐ நிறுத்திவிட்டேன். சி டிரைவ் 120 ஜிபியில் 6 மட்டும் காலியாக இருந்தது, டவுன்லோட்ஸை விட்டுவிட்டுக் கிளீனப் செய்ததில் இப்போது 27 காலி. பூட் நேரம் பத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் மெமரி 60 சதவீதம்தான் காட்டுகிறது, டிஸ்க் மட்டும் இன்னும் 100-ஐ விட்டு இறங்கவில்லை. இன்று ராத்திரி டிஃப்ராக் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றிருக்கிறேன்.

கூடத்துவிளக்கு:
டிஃப்ராக்கை நிறுத்திவையுங்கள், தயவுசெய்து. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபின் அடியில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று இருக்கும். அதில் டிஸ்க் பக்கம் போனால் எந்தக் கோப்பு எவ்வளவு மில்லிசெகண்டில் வருகிறது என்று தெரியும். ரேம் நிறையும்போது விண்டோஸ் டிஸ்கில் எழுதிவைக்கும் கோப்பான பேஜ்ஃபைல் என்ற பெயரே எப்போதும் மேலே நின்றால் ரேம் போதவில்லை. சின்னச்சின்னக் கோப்புகளுக்கே ஆயிரக்கணக்கில் மில்லிசெகண்ட் ஆனால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம், நல்ல ஹார்ட் டிஸ்கில் சாதாரண வேலைக்கு 10, 20 அளவில்தான் இருக்கும். விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூயரையும் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் என்பதில் டிஸ்க் என்ற பெயரோடு ஐடி 7 வருகிறதா பாருங்கள். அது பேட் பிளாக்குக்கான, அதாவது டிஸ்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன பகுதிக்கான செய்தி.

முல்லைப்பந்தல்:
1,500, 2,000 என்று வருகிறது. ஐடி 7 இரண்டு வாரத்தில் 11 தடவை. பயமாக இருக்கிறது.

கூடத்துவிளக்கு:
டிஸ்க் இன்னும் படிக்கிறது, அதனால் இப்போதே செய்தால் காப்பாற்றிவிடலாம். முதலில் எக்செல் கோப்பு, அடுத்து போட்டோ, இரண்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். எங்காவது நின்றால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எர்ரர் செக்கிங், டிஃப்ராக் இரண்டும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓடவைக்கும், காப்பி முடியும் வரை கூடாது. இதே டிஸ்கில் ஃபார்மட் போட்டாலும் பேட் பிளாக் போகாது.

அதற்குப் பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ரேம். இந்த மெஷினுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தீர்களா என்று செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பாருங்கள்.

முல்லைப்பந்தல்:
எக்செல் வந்துவிட்டது, அம்மாவிடம் திறந்தும் காட்டிவிட்டேன். போட்டோவில் 2018 ஃபோல்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை இரண்டு படம்தான் வரவில்லை. முடிந்ததும் வந்து சொல்கிறேன்.