பட்ட மரத்தின் பட்டைக்கு அடியில் கண்ட வண்டுக் குடும்பம்

கம்பம்மெட்டை அடுத்த ஏலத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நிழல் தந்து நின்று, பட்டுப்போய், பருவமழையில் சாய்ந்த பலா ஒன்றை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகாக அறுத்தபோது, ஊறிக் கழன்ற பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கன்னங்கரேலென்று பளபளக்கும், முதுகில் நீளவாட்டில் பள்ளக் கோடுகள் ஓடும் தட்டையான வண்டுகளைக் கண்டேன். ஒன்றைக் கையில் எடுத்ததும் அது கீச்சிட்டது. இவை பசாலிடே குடும்பத்தின் லெப்டாலாக்ஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் பிற வண்டுகள் பல கட்டைக்குள் ஆழமாகக் குடைந்து வாழ, உடல் தட்டையான இவை பட்டைக்கு அடியிலுள்ள குறுகிய இடுக்கிலேயே குடியிருக்கின்றன.

என்னை அங்கேயே உட்கார வைத்தது அவற்றின் குடும்ப வாழ்க்கைதான். பெரும்பாலான பூச்சிகள் முட்டையிட்டதும் விலகிவிடுகின்றன. பசாலிடே வண்டுகளிலோ தாயும் தந்தையும் புழுக்களுடன் தங்கி, மக்கிய மரத்தை மென்று தூளாக்குகின்றன. பெரியவற்றின் எச்சம் கலந்து நுண்ணுயிர் பெருகிய அந்தத் தூளே புழுக்களுக்கு உணவு. கூட்டுப்புழுவுக்குக் கூடு கட்டவும் பெரியவை உதவுகின்றன. வண்டு தன் வயிற்றின் மேற்புறத்தைப் பின்னிறக்கைகளில் உரசி ஒலியெழுப்புகிறது. புழுவின் மூன்றாம் காலிணையோ நடக்க உதவாத அளவுக்குச் சிறுத்து, இரண்டாம் காலிணையின் அடிப்பகுதியைச் சுரண்டி ஒலியெழுப்பும் உறுப்பாகவே மாறியிருக்கிறது. ஆகவே பட்டையை உரித்து எறிந்தால் புழுக்கள் ஈரத்தை மட்டுமல்ல, சோறூட்டுபவரையும் இழந்துவிடுகின்றன.

ஏலத்தை இவை கெடுக்குமோ என்று உடன் வேலை செய்த அக்காமார் அஞ்சினார்கள். ஏலத்தண்டைத் துளைப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு என்றும், இவ்வண்டுகள் உயிருள்ள செடியைத் தொடுவதில்லை என்றும் விளக்கிய பிறகு, அந்தத் துண்டை மட்டும் பட்டையால் மூடி ஓடையோரம் விட்டுவைத்தோம்.

சேத்துமடையிலிருந்து மற்றொருவர்:

அண்ணன் குறிப்பிடும் கீச்சொலியை எங்கள் பக்கத்துத் தோப்புகளிலும் கேட்டிருக்கிறேன். இந்தியப் பகுதியின் பசாலிடே வண்டுகளைப் பற்றி 1914-இல் விரிவாக எழுதிய எஃப். எச். கிரேவ்லி, அதே ஆண்டில் கொச்சி சமஸ்தானத்தின் பரம்பிக்குளம் காட்டிலும் பூச்சிகளைச் சேகரித்தார். பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். இன்று அந்தக் காடு புலிகள் காப்பகம் என்பதால், விழுந்த மரத்தைக்கூட அங்கே புரட்டக்கூடாது. நீங்கள் விட்டுவைத்த துண்டில் செம்பழுப்பு நிற வண்டுகள் தென்பட்டால், வேறு இனம் என்று எண்ணிவிடாதீர்கள், அண்ணா. அவை கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்தவை. கறுப்பதற்குப் பல வாரங்கள் ஆகும், அதுவரை வீட்டிலேயே தங்கும் என்பதால் பட்டையை அடிக்கடி திறக்க வேண்டாம்.