தாய்மாமனின் மைச்சிமிழ்: திறக்கலாமா, கடலில் விடலாமா?

வயற்கரையான், தம்பிலுவில்:

எனது தாய்மாமன் மை பார்த்துக் களவுபோன பொருளுக்குத் திசை சொன்னவர். அம்மன் கோயில்களில் கட்டாடியாராகவும், அதாவது பூசகராகவும், இருந்தவர். கடந்த மாசியில் காலமானார். அவரது பெட்டகத்தில் சிவப்புச் சீலையில் சுற்றிய ஏட்டுக்கட்டு ஒன்றும், மெழுகால் வாயடைத்த செப்புச் சிமிழ் ஒன்றும் இருந்தன. எங்கள் கிழக்கிலங்கைப் பகுதியில் குடி எனும் குலப்பிரிவும் கோயில் உரிமையும் தாய்வழியே வருவதால், பிள்ளைகள் இருக்க, மருமகனான என்னிடம் அவற்றைத் தந்தார்கள், உண்மையில் தள்ளிவிட்டார்கள். மாமாவின் குருவுடைய தலையோட்டுக் கரி அந்த மையில் கலந்திருக்கிறது என்றும், அவர் கற்றதெல்லாம் அதற்குள் உயிரோடு கிடக்கிறது என்றும், உபதேசம் பெறாதவன் திறந்தால் அந்த அறிவு உட்புகுந்து அவனது புத்தியை வெளியே தள்ளிவிடும் என்றும் மாமி கூறுகிறார். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும் 2004இன் சுனாமியிலும் மாமா முதலில் காப்பாற்றியது இவற்றைத்தான். கடலில் விடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் வழி கூறுவீர்களா?

கல்லடி ஆசிரியர்:

மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆகவே உங்கள் மாமியின் அச்சத்தை நான் இகழமாட்டேன். இறந்தவரின் தலை அறிவைக் காத்து வைக்கும் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. வடஐரோப்பியரின் பழங்கதையில், ஓடின் என்னும் தெய்வம் வெட்டுண்ட மீமிரின் தலையை மூலிகை பூசி அழுகாமல் காத்து, அதனிடம் மறைபொருள் கேட்டறிந்ததாக வருகிறது. ஆயினும் மை பார்க்கும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெற்றிலையில் தடவிய கருமையை ஒரு சிறுபிள்ளை உற்றுப் பார்க்கும். அது சொல்வதற்குப் பொருள் கூறுபவர் பெரியவர். ஊரில் யாருக்குக் கடன், யாருக்கு யாரோடு பகை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு சிமிழில் தங்கியிருக்க வழியில்லை.

களுவாஞ்சிக்குடிப் பரிகாரி மகன்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சிமிழில் ஒன்றுமில்லை என்று யாரும் அதைத் திறந்துவிட வேண்டாம். பழைய மருந்துகளிலும் மைகளிலும் இரசம், இலிங்கம், அரிதாரம், மனோசிலை ஆகியவை சேர்வதுண்டு. முதலிரண்டில் இருப்பது பாதரசம்; மற்றவற்றில் இருப்பது ஆர்செனிக். மெழுகை உருக்கித் திறக்க முயன்றால், இரசம் இருக்குமானால் அதன் ஆவி மூச்சோடு உள்ளே போகும். தொடர்ந்து அதைச் சுவாசித்தவருக்குக் கைநடுக்கம், மறதி, காரணமில்லாத கோபம், குணமாற்றம் எல்லாம் வரலாம். “புத்தியை வெளியே தள்ளிவிடும்” என்று மாமி சொன்னதை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்னோர் கண்ணால் கண்ட ஒன்றையே அவ்வாறு சொல்லி வைத்திருக்கக்கூடும். கடலிலும் வாவியிலும் விடாதீர்கள். அந்த மீனைத்தானே நாம் உண்கிறோம். கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஆய்வுகூட வசதியுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

ஏடு தேடி:

எனக்கு ஏட்டைப் பற்றியே கவலை. மாந்திரீக, வைத்திய ஏடுகளில் சாபமும் சாபநிவர்த்தியும் எழுதப்படுவது வழக்கம். அது ஒரு பூட்டு. வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு மட்டும் திறக்கும் கண்ணகியம்மன் கோயிற் கதவைப் போல, உரியவர் உரிய வேளையில் திறக்கட்டும் என்பதே அதன் கருத்து. பரிபாஷை எனும் மறைமொழிச் சொற்களும் உண்டு, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. ஆதலால் வாசித்தவுடன் விளங்காது. ஓலையை நனைக்கவோ வளைக்கவோ வேண்டாம். மென்தூரிகையால் தூசு தட்டி, வரிசை மாறாமல் இருபக்கமும் படம் எடுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களைக் காக்கும் நூலகம் நிறுவனத்தார் ஏடுகளை எண்ணிமமாக்கி (டிஜிட்டல் வடிவாக்கி) வருகிறார்கள்; அவர்களிடம் கேளுங்கள்.

வயற்கரையான்:

அனைவருக்கும் நன்றி. சிமிழைத் தொடவில்லை, ஏட்டில் பன்னிரண்டு ஓலைகளைப் படம் எடுத்துவிட்டேன். பரிகாரி மகன் எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மாமாவுக்குக் கடைசி மூன்று வருடமும் சோற்றைப் பிசைய முடியாதபடி கை நடுங்கியதென்றும், தாமே ஊட்டிவிட்டதென்றும் சொன்னார்.