பின்னத்தின் பகுதியில் மாறி வரும் சமன்பாடுகள்: விடைத்தாள்களில் பார்த்தவை

3/(க−2) + 1/(க+2) = 12/(க²−4). பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) (க−2)(க+2). அதால் பெருக்கினால் 3(க+2) + (க−2) = 12, அதாவது 4க + 4 = 12, க = 2. ஒரு வரியிலும் பிழை இல்லை, ஆனாலும் விடை தப்பு. க = 2 என்றால் பகுதி பூச்சியமாகிவிடும், எனவே தீர்வே கிடையாது. 12 இருக்கும் இடத்தில் 8 இருந்தால் க = 1 வரும், பிரதியிட்டால் இருபக்கமும் −8/3. மீ.பொ.ம.வால் பெருக்குவதே அது பூச்சியமில்லை என்ற நிபந்தனையோடுதான். அதனால் ‘க ≠ 2, க ≠ −2’ என்பதை முதல் வரியிலேயே எழுதவைப்பது நல்லது. கடைசிக்குத் தள்ளினால் மறந்துபோகும்.

*

தலைகீழாகவும் நடக்கும். 2க/(க+1) = க/(க−1) என்பதைப் பார்த்ததும் மேலே இருக்கும் க இரண்டையும் அடித்துவிடுவார்கள். க = 3 மட்டும் மிஞ்சும், க = 0 போய்விடும். அடிக்காமல் பெருக்கி ஒரே பக்கம் கொண்டுவந்தால் க(க−3) = 0, இரண்டுமே சரியான மூலங்கள்.

*

5/(க−3) + 2/(3−க) = 1. இதற்குப் போய் (க−3)(3−க) என்று மீ.பொ.ம. எடுத்து, இருபடிச் சமன்பாடாக்கி, 3, 6 என்று இரண்டு விடை வாங்குவது வேண்டாத வேலை. இரண்டாவது பின்னத்தை −2/(க−3) என்று மாற்றினால் 3/(க−3) = 1, க = 6. முடிந்தது.

பின்னமில்லாத உறுப்பையும் கவனிக்கணும். 6/(க−1) + 2 = 5 என்பதில் அந்த 2-ஐப் பெருக்காமல் 6 + 2 = 5(க−1) என்று எழுதுவது ரொம்பச் சகஜம். ஒரு பக்கத்துக்கு ஒரே பின்னம் என்றால்தான் குறுக்குப் பெருக்கல்.

*

படகுக் கணக்கில் நீக்கும் காரணமே வேறு. அசையா நீரில் மணிக்கு 15 கி.மீ. போகும் படகு, 30 கி.மீ. எதிர்நீச்சலாகப் போய்த் திரும்ப நாலரை மணி நேரம். நீரோட்டத்தின் வேகம் க என்றால் 30/(15−க) + 30/(15+க) = 9/2, க² = 25. −5 சமன்பாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், நீரோட்டத்தின் வேகம் என்பதால்தான் விடுகிறோம். வெறும் சமன்பாட்டில் அந்தச் சலுகை இல்லை. க/(க−3) = 9/(க(க−3)) என்பதில் போகவேண்டியது 3, நிற்பது −3. பழக்கதோஷத்தில் −3-ஐ அடித்துவிட்டு 3-க்குக் கட்டம் போட்ட தாள்கள் நிறைய வரும்.