எல்லாப் பெட்டியிலும் ஒரே குறியீடு இருந்தால் ஜாமரை (சைகையை மறிக்கும் கருவியை) எப்படித் தாங்குவது?

குளத்தடி:
இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்கள் ஊர். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்தபோது பட்டது போதும். இப்போது 64 வீடுகளுக்கு லோரா (குறைந்த மின்சக்தியில் வெகுதூரம் போகும் வானொலி முறை) எச்சரிக்கைப் பெட்டி வைக்கப் போகிறோம். ஓர் இரகசியக் குறியீட்டின்படி அலைவரிசை தாவித் தாவிச் செய்தி போகும். எல்லாப் பெட்டியிலும் அதே குறியீடுதான். ஒரு பெட்டி களவு போனால், எடுத்தவன் எங்கள் தாவலைப் பின்தொடர்ந்தே மறிக்கலாம். பிறகு வீடு வீடாகப் போய்க் குறியீடு மாற்ற வேண்டுமா?

முறிகண்டியான்:
பரவல் காரணியை, அதாவது சைகையை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற லோரா அளவை, 12இல் வையுங்கள் தம்பி. இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமான சைகையைக்கூட லோரா பிடிக்கும். சாதாரண ஜாமருக்கு அது போதும்.

வாய்க்கால்கரை:
அண்ணை, அவனும் அதே காரணியில், அதே நேரத்தில் லோரா சைகையே அனுப்பினால் அது உதவாது. குறியீடு கையில் இருப்பவன் அதைத்தான் செய்வான்.

குறியீடுகளைக் கிளை கிளையாகப் பிரியுங்கள். ஊர் முழுவதற்கும் ஒன்று, பாதிப் பாதிக்கு ஒவ்வொன்று, அப்புறம் கால்வாசிக்கு... இப்படிப் போய்க் கடைசியில் வீட்டுக்கு ஒன்று. 64 வீட்டுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் 7 குறியீடுகள்தான். வழக்கமாக ஊர்க் குறியீட்டில் ஒரு தடவை அனுப்பினால் சரி. ஒரே குறியீடுள்ள ஒவ்வொரு குழுவிலும் சில பெட்டிகள் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பட்டும். பதில் நின்றால் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். எந்தப் பாதி மறிபடுகிறதோ அதை மட்டும் மறுபடி பிரியுங்கள். ஆறு பிரிப்பில் களவு போன பெட்டி எதுவென்று பிடிபடும். அதன்பின் ஒவ்வொரு பிரிப்பிலும் அந்தப் பெட்டி இல்லாத பாதியின் குறியீட்டை, மொத்தம் 6 குறியீடுகளை, எடுத்து அவற்றில் அனுப்பினால் மற்ற 63 வீட்டுக்கும் போய்ச் சேரும். புதிய ஊர்க் குறியீட்டையும் அந்த ஆறின் வழியாகவே அனுப்பலாம். ஒரு வீட்டுப் படலையும் திறக்கத் தேவையில்லை.

குளத்தடி:
அலைவரிசை முழுவதையும் பெரிய சக்தியோடு மறித்தால்?

வாய்க்கால்கரை:
அதற்கு எந்தக் குறியீடும் நிற்காது. ஆகவே நிமிடத்துக்கொரு தடவை 'நலம்' என்று ஒரு சிறு சைகை அனுப்புங்கள், அது நீங்கள் அனுப்பியதுதான் என்று பெட்டி சரிபார்க்க அதில் மின்கையொப்பம் இருக்கட்டும். அது சில நிமிடம் வராவிட்டால் பெட்டி தானாகவே கத்த வேண்டும். மழைக்காலத்தில் பெட்டி பேசாமல் இருப்பதை யாரும் நல்ல செய்தியாக எடுக்கக் கூடாது. இதைப் பெட்டி கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடுங்கள். மறிப்பது தெரிந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் உடனே எழுதுங்கள்.

முறிகண்டியான்:
கோயில் மணியையும் விட்டுவிடாதீர்கள். அதை எந்த ஜாமரும் மறிக்காது.